வீட்டில் மட்டும் வரும் நீலத்திரை

யூலை 3, திங்கள்

விடியலிலிருந்து மழை. றொசல்ல ஸ்டேசன் பக்கம் ஒன்றுமே தெரியவில்லை, அப்படி ஒரு பனிமூட்டம். ஏழாம் வகுப்பு வரலாற்றுப் பரீட்சைத் தாள் பாதி டைப் அடித்திருப்பேன், திரை பளிச்சென்று நீலமாகிவிட்டது. வெள்ளை எழுத்தில் ஏதோ இங்கிலிஷ். கீழே ஒரு முழ நீளத்துக்கு எண். பிறகு தானாக அணைந்து தானாக எழும்பியது. சேவ் பண்ணாத பக்கம் எல்லாம் போச்சு.

திரும்ப அடித்தேன். திரும்ப நீலம். வாங்கி ஒரு கிழமைகூட ஆகாத கொம்பியூட்டர்! கொழும்புத் துணிக்கடையில் கால் வீங்க நின்று சேர்த்த காசு.

பாக்கி வேலை:
தமிழ் (6 - 9)
வரலாறு (7, 8)
சைவசமயம் முழுக்க
விஞ்ஞானம் - படங்களோடு. ஐயோ.

எல்லாத் தவணைப் பரீட்சைத் தாள்களும் அடுத்த திங்கள் பிரின்சிபல் சேர் கையில் இருக்க வேண்டும். சேர் யாழ்ப்பாணத்துக்காரர். சொன்ன நாள் என்றால் சொன்ன நாள்தான். "இதை வடிவாச் செய்து தந்தியெண்டா, இனி ஒவ்வொரு தவணையும் உன்னட்டைத்தான் பிள்ளை" என்றார். தராவிட்டால் அட்டனில் உள்ள பிரஸ்ஸுக்குப் போய்விடும். எனக்கு மறுபடியும் கொழும்பு. துணிக்கடை முதலாளி மாத முடிவு வரைதான் இடம் வைத்திருப்பாராம். மறுபடியும் அந்த அறை, பொலிஸ் பதிவு, எந்த ஊர், ஏன் வந்தாய், எப்போது போவாய். செத்தாலும் போகமாட்டேன்.

யூலை 4, செவ்வாய்

மழை. நீலம். மழை. நீலம்.

ஒன்று கவனித்தேன். காலையில் போட்டதும் நல்லபிள்ளையாக ஓடுகிறது. கொஞ்ச நேரம் போனால் விழுகிறது. விழுந்த உடனே போட்டால் இன்னும் சீக்கிரம் விழுகிறது. கோபத்தில் விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால் மறுபடி ஓடுகிறது. இது மெஷினா, மாமியாரா?

தோட்டத்து லயத்தில் எங்கள் அறைக்கு அடுத்த காம்பரா ராஜி அக்கா எட்டிப் பார்த்தாள். "கண்ணு பட்டிருச்சுடி. லயத்துல எல்லாரும் வந்து பாத்துட்டுல்ல போனாங்க." எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கொண்டுவந்து மொனிட்டர் மேலேயே தொங்கவிட்டாள். விஞ்ஞானம் எட்டாம் வகுப்புத் தாளை எலுமிச்சம்பழத்துக்குக் கீழே உட்கார்ந்து அடிக்கிறேன். விளங்கும்!

அம்மா தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு நனைந்து வந்தாள். தலையில் ஒரு பொலித்தீன் மட்டும். மழைக்குப் போர்த்துகிற கம்பளி எங்கே என்று கேட்டேன். "காயுதுடி" என்றாள். இந்த மழையில் எங்கே காயும்? இருமல் வேறு. கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை.

யூலை 5, புதன்

அட்டன் கடைக்கு ஃபோன். விற்றவன்தானே, பதில் சொல்லட்டும். முதலில் "ராம் கழண்டிருக்கும்" என்றான். எண்ணைப் படித்துக் காட்டினேன், "அப்ப வைரஸ்" என்றான். நேற்றைய எண்ணைப் படித்தேன், "டிரைவர்" என்றான். சூடாகுதா என்று கேட்டுவிட்டு அவனே சிரித்தான். "றொசல்ல மழையில எங்க சூடு!" நானும் சிரித்தேன். இந்த ஒன்றில்தான் இருவரும் ஒத்துப்போனோம்.

நாளைக் கொண்டுபோக வேண்டும்.

யூலை 6, வியாழன்

நான் எழும்புவதற்குள் அம்மாவே வயர்களைக் கழற்றி, எது எங்கே என்று நூல் கட்டி அடையாளம் வைத்து, கொம்பியூட்டர்ப் பெட்டியை அட்டைப்பெட்டிக்குள் கட்டி வைத்திருந்தாள். வேலைக்கு முந்திப் பேர் பதிகிற பிரட்டுக்குப் போகும்போது கம்பளி போர்த்தியிருந்தாள். காய்ந்துவிட்டது போல.

ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். குழந்தையா என்று ஒருவர் கேட்டார். பேய் என்றேன்.

கடையில் விட்டாயிற்று. நாளை வரச் சொன்னான்.

யூலை 7, வெள்ளி

"தங்கச்சி, நேத்துலருந்து ஓடுது. ஒரு தடவகூட விழல. விண்டோஸையும் புதுசாப் போட்டுட்டேன், ஒங்க ஃபைலெல்லாம் பத்திரம். மெஷின் தங்கம்."

"அப்ப எங்க வீட்டுல மட்டும் ஏன் விழுது?"

"நீங்கதான் என்னமோ பண்றீங்க. பொம்பளப் புள்ளைங்க கண்ட பட்டனையும் அமுக்கினா..."

அவனிடம் என்ன சொன்னேன் என்று இங்கே எழுதக் கூடாது. கடையில் இருந்த இரண்டு பேர் வெளியே போய்விட்டார்கள். அவன் கடைசியில் "அப்ப ஒங்க லயத்துக் கரண்டுதான்" என்றான். லயம் என்ற சொல்லை அவன் சொன்ன விதம்! இவன் தாத்தா என்ன மாளிகையிலா பிறந்தார்?

வெளியே வந்தால் பஸ் ஸ்டாண்டில் பிரின்சிபல் சேர். குடையோடு.

"என்ன பிள்ளை, எவ்வளவு முடிஞ்சுது?"

"பாதிக்கு மேல சேர்."

"திங்கக்கிழமை விடிய வந்து எடுப்பன். பிந்தப்படாது."

பாதிகூட இல்லை.

வீட்டுக்கு வந்து மேசைக்கடியில் சுவரோரம் வைத்து வயர் மாட்டினேன். ஜன்னல் சாரல் படாமல் அம்மா பின்னால் வழக்கம்போல் சாக்கு அடைத்தாள்.

யூலை 8, சனி

நீலம். நீலம். நீலம்.

அடேய் கடைக்காரா.

மேசையில் குத்தினேன். எலுமிச்சம்பழம் கழன்று கீபோர்டில் விழுந்தது. அம்மா மழையிலிருந்து வந்து தேத்தண்ணி வைத்தாள். இருமிக்கொண்டே "கொழும்புக்குப் போற மாதிரி ஆயிருமாடி?" என்று கேட்டாள். "தொணதொணக்காதம்மா" என்று எரிந்து விழுந்தேன். சைவசமயம் இன்னும் தொடவில்லை.

யூலை 9, ஞாயிறு

காலையிலேயே இரண்டு முறை நீலம். போதும். கொண்டுபோய் ஆற்றில் போடுகிறேன் என்று மேசைக்கடி இருட்டில் புகுந்து சாக்கைப் பிடித்து இழுத்தேன்.

சாக்கு இல்லை. அம்மாவின் கம்பளி.

பெட்டியை இறுக்கிச் சுற்றி, மேலே முடிச்சுப் போட்டு, வயருக்கு மட்டும் இடம் விட்டு, பட்டன் இருக்கும் முகம் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி. கை வைத்துப் பார்த்தேன். கல்லிலிருந்து எடுத்த ரொட்டிச் சூடு. உள்ளே விசிறியில் கம்பளி மயிர் சுற்றிக் கிடக்கிறது.

அம்மா பீலியடியில், கொட்டும் தண்ணீரில் துணி அலசிக்கொண்டிருந்தாள். கம்பளியோடு மழையில் ஓடினேன்.

"இது யாரு வேலம்மா?"

"நாந்தான். ஏன்டி?"

"ஏன்டியா? மூச்சு முட்டிச் சாகுதும்மா அது! ஒரு கிழமையா எல்லார்கிட்டயும் சண்ட புடிச்சிட்டு வர்றேன்!"

அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "விடியக்காலம் தொட்டுப் பாத்தேன், ஐஸா இருந்துச்சு. நீ பட்டன அமுக்குனதும் கிடுகிடுன்னு நடுங்குது. இரும்புன்னா குளிராதா? மாட்டிக் குடுக்க வந்த அன்னைக்குக் கடக்காரத் தம்பியும் பனி படாம வச்சுக்கங்கன்னுதானே சொல்லிட்டுப் போனாரு."

"நீ நனைஞ்சுக்கிட்டுல்ல போன! கேட்டா காயுதுன்ன!"

"எனக்குப் பழகிப்போச்சு. அது புதுசு." துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள். "அது கெட்டுப்போனா நீ கொழும்புக்குல்ல போகணும்."

அதற்குப் பிறகு என்னால் கத்த முடியவில்லை. கத்த வேண்டும் போலத்தான் இருந்தது. அம்மாவை, கடைக்காரனை, இந்த மழையை, ஒரு கம்பளிக்கு மேல் இல்லாத இந்த வீட்டை. ராஜி அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளையும்.

விசிறியைப் பழைய பல் பிரஷ்ஷால் சுத்தம் பண்ணினேன். பெட்டியை மேசை மேலேயே தூக்கி வைத்தேன், நாலு பக்கமும் காற்றுப் பட. ஜன்னலுக்கு உண்மையான சாக்கு.

தமிழ், வரலாறு மிச்சம், சைவசமயம் முழுக்க முடிந்தது. விஞ்ஞானம், படங்களோடு. நீலம் வரவில்லை. ஒவ்வொரு பத்தி முடிந்ததும் சேவ் பண்ணிவிட்டுத் திரையைப் பார்த்தேன். வரவில்லை. பிரின்டர் ஓடும்போது அம்மா பக்கத்தில் நின்று ஒவ்வொரு தாளாகத் தட்டி அடுக்கினாள். ஈரக் கையை முதலில் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

யூலை 10, திங்கள்

மழை. இன்னும் வானம் வெளிக்கவில்லை.

தாள்கள் கட்டி வைத்தாயிற்று. சேர் வர நேரம் இருக்கிறது.

பிரட்டுக்கு அம்மா பொலித்தீனைத் தேடினாள். நான் கம்பளியைக் கொடியிலிருந்து உருவி அவள் தலையில் போட்டேன். வாசல் வரை போனாள். திரும்பி வந்து மேசை மேலிருந்த பெட்டியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

"ஐஸா இருக்குடி."

கை, போர்த்தியிருந்த கம்பளியின் முடிச்சை அவிழ்க்கப் போனது.

"இருக்கட்டும்! நீ போத்திக்கிட்டுப் போம்மா!" என்று கத்தினேன். லயம் முழுக்கக் கேட்டிருக்கும்.