கடைக்கு லேசான சிஸ்டமே போதும்

புத்தூர்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மகன் யோகேஷுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் நைனாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், டப்ளின் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நானும் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன். நம் மருந்துக்கடைக் கம்ப்யூட்டரில் நீ ஆசையாகப் போட்டுக் கொடுத்த சிஸ்டத்தை நேற்று எடுத்துவிட்டேன்.

போன வியாழக்கிழமை மத்தியானம் வடமாலபேட்டை நர்சிங் ஹோமிலிருந்து டாக்டர் பேசினார். கரும்புத் தோட்டத்தில் கங்கையா என்பவரைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது, விஷமுறிவு ஊசி போதவில்லை, உங்களிடம் இருக்கிறதா என்றார். முந்தின நாள்தான் பத்து ஊசி வந்தது. அதைக் குளிர் அறையில் அடுக்கிய ஆள் லீவு, போனையும் எடுக்கவில்லை. எந்த ரேக் என்று கம்ப்யூட்டரில் பார்க்கப் போனால், பில் போடும் ரோஹிணி திரையைக் காட்டுகிறாள், அப்டேட் தானாக ஓடிக்கொண்டிருக்கிறது, முப்பத்தைந்து சதவீதம், அணைக்காதீர்கள் என்று எழுதியிருக்கிறது. உன்னைப் போனில் கேட்டேன், நீயும் அணைக்காதே என்றாய். நானும் நைனாவும் ரோஹிணியும் பெட்டி பெட்டியாக இழுத்துப் போட்டுத் தேடினோம். டாக்டர் மறுபடி கூப்பிட்டு, "இருக்குதா இல்லியா, அதயாவது சொல்லுங்கம்மா, தேடிக்கினே இருந்தா எப்டி, திருப்பதிக்கு அனுப்பிடறேன்" என்றார். கையில் ஒன்றும் இல்லாமலே, இருக்கிறது, கொண்டுவருகிறோம் என்று சொல்லிவிட்டேன். இருபத்திரண்டு நிமிஷம் கழித்துக் கிடைத்தது, நைனா ஐஸ் பெட்டியோடு பைக்கில் ஓடினார்.

கங்கையா பிழைத்துவிட்டார். ஆனால் சிறுநீரகம் பாதித்துத் திருப்பதியில் மூன்று நாள் டயாலிசிஸ். போய்ப் பார்த்தேன். அவர் மனைவி செங்கம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மருந்தாலதான் உசுரு நின்னுச்சும்மா" என்றாள். அந்த இருபத்திரண்டு நிமிஷத்தை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் சிவசங்கரன் வந்து லினக்ஸ் என்று லேசான சிஸ்டம் ஒன்று போட்டிருக்கிறான். சரக்கு, பில், பிரிண்டர், அவ்வளவுதான். கடை மூடிய பிறகு நாம் சொன்னால் மட்டும் அப்டேட் ஆகும். ரேக் எண்ணை நோட்டிலும் எழுதச் சொல்லிவிட்டேன். பாட்டு, வானிலை, கல்லாவில் உட்கார்ந்தபடி பெரிய திரையில் உன் முகம் பார்ப்பது எல்லாம் போயிற்று. கடைசியாகச் சொன்னது எனக்கு நஷ்டம்தான் கண்ணு, இருந்தாலும் அது கடைவேலை இல்லையே.

இன்னொன்று. அந்த வியாழக்கிழமை சாயந்திரம் நீ ரோஹிணியிடம் போனில், நீதான் எதையாவது அமுக்கியிருப்பாய் என்றாயாம். அவள் எதையும் தொடவில்லை, நான் பக்கத்தில்தான் நின்றேன். மறுநாளிலிருந்து அவள் வேலைக்கு வரவில்லை. கூப்பிட்டால், "ஒரு ஆள் உசுரு போவப் பாத்ததுக்கு நான்தான் காரணம்ன்றாரு, நான் எப்டி வர்றது மேடம்" என்று அழுகிறாள். நிறைய வசதி வேண்டும் என்று ஆசைப்பட்டது நீயும் நானும்.

திருத்தணி முருகன் உன்னைக் காப்பாற்றட்டும், நேரத்துக்குச் சாப்பிடு. எனக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் ரோஹிணிக்குப் போன் செய்து தப்பு உன் பேரில்தான் என்று சொல்.

உன் நல்லதையே நினைக்கும் அம்மா,
காஞ்சனா