ஹனிம் போன வழியில் ஊற்றிய தண்ணீர்

குல்நிசா, உன் முழங்கால் வலி தேவலையா? பசு கன்று போட்டதா? இங்கே பாக்கு நகரத்தில் நான் நலம்.

நம் மலைப்பக்கத்து நூபார் அம்மாள், இங்கே எல்லோரும் மரியாதையாக ‘ஹனிம்’ என்பார்களே, இந்தத் தேர்தலில் தோற்றுவிட்டார். நாடாளுமன்றப் பதவி பறிபோன பத்தாம் நாள், நான் வாசல் காக்கும் ஆய்வு நிலையத்தில் அவர் வகித்த தலைவர் பதவியையும் எடுத்துவிட்டார்கள். பழைய ஏடுகளைப் பற்றி முப்பது வருடம் அவர் எழுதிய காகிதங்களை நேற்று நான்தான் காரில் ஏற்றினேன். ஏழு பெட்டி. வழியனுப்ப மாடியிலிருந்து ஒருவரும் இறங்கவில்லை. கார் வாசலைத் தாண்டியதும் செம்புக் கூஜாவை எடுத்தேன். அதன் மூக்கு நசுங்கியது தனிக்கதை. திரும்பி வரட்டும் என்று நம் வழக்கப்படி காரின் பின்னால் தண்ணீர் ஊற்றினேன்.

புதுத் தலைவர் ஜன்னலில் நின்றிருந்தார்.

“என்ன அலோவ்சத், யாரைத் திரும்பக் கூப்பிடுற?”

“தூசி அடங்கட்டும்னுதாங்க.”

“மழை பெஞ்சுக்கிட்டிருக்கு. எங்கய்யா தூசி?”

நீ கவலைப்படாதே. கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்பு. ஒன்று கேட்க வேண்டும். நான் கிளம்பிய அன்று திரும்பிப் பார்க்கவில்லை. நீ தண்ணீர் ஊற்றினாய்தானே? இதோ, சாவிக்கொத்தையும் சீருடையையும் எடுத்துக்கொண்டு மேலே வரச் சொல்கிறார்கள், மீதியை வந்து