துத்தி வதக்கும் பக்குவம்

விழுப்புரம்,
3.6.2024

அன்புள்ள செந்தாமரைக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: எனக்கு மூலம். இந்தக் கடிதத்தை நின்றுகொண்டே எழுதுகிறேன். போனில் என்னை நீ பிளாக் செய்துவிட்டதால் தபால்காரருக்கு வேலை வைக்கிறேன். உன் அண்ணன் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா?

எதிர்வீட்டுக் கவிதா ஸ்கூட்டி வாங்கி, முதல் நாளே நம் கொல்லை வேலியில் விட்டாள். வேலி போயிற்று, நீ வளர்த்த துத்திச் செடிகள் பிழைத்தன. சாயங்காலமானால் மஞ்சளாகப் பூக்கின்றன. மூலத்துக்கு அந்தக் கீரைதான் என்பாயே, எப்படிச் சமைப்பது? ரத்தமும் போகிறது. நீயே வந்தால் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி வருவேன். ஆட்டோவில் உட்கார முடியாது.

நின்றபடி,
தேவநாதன்

திண்டிவனம்,
8.6.2024

அஸ்வினி அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். கொழுந்தாகப் பறியுங்கள், நுனி கிள்ளினால்தான் செடி கிளைக்கும். கழுவி நறுக்கி, சின்ன வெங்காயத்தோடு விளக்கெண்ணெயில் வதக்கி, வெந்த பாசிப்பருப்பைப் போட்டுப் பிரட்டுங்கள். மிளகாய் கூடாது. செடிக்குத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்காதீர்கள், வேர் அழுகும்.

ரத்தம் என்று படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. டாக்டரிடம் காட்டுங்கள். இருபத்தொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை வரலாமா என்று பார்க்கிறேன். இதை யாரிடமும் சொல்லாதீர்கள். அஸ்வினி கல்யாணத்தில் மைக்கைப் பிடித்து என் கர்ப்பப்பை ஆபரேஷனைச் சிரிப்புக் கதையாகச் சொன்னீர்களே, அது போதும்.

செந்தாமரை

விழுப்புரம்,
12.6.2024

அன்புள்ள செந்தாமரைக்கு,

வெள்ளிக்கிழமை என்று படித்ததும் கால் தரையில் பாவவில்லை. பச்சைமுத்து டீக்கடையில் உன் கடிதத்தை எடுத்து இரண்டு வரி படித்தேன், பெருமைக்காகத்தான். கேட்டார்கள் என்று மீதியையும் படித்தேன்.

“என்னா தேவா, அண்ணி தபால்லயே வதக்கி அனுப்புதா? நீ நின்னுக்கினே துன்றியா?” என்றான் பச்சைமுத்து. கடையே சிரித்தது. நான்தான் அதிகம் சிரித்தேன். உன்னை யாரும் குறைவாகப் பேசவில்லை. பஸ் ஏறினதும் பிளாக்கை எடுத்துவிட்டு ஒரு போன் போடு.

காத்திருக்கும்,
தேவநாதன்

திண்டிவனம்,
17.6.2024

அஸ்வினி அப்பாவுக்கு,

பச்சைமுத்துவின் மச்சான் எங்கள் தெருதான். உங்கள் கடிதத்துக்கு முன்னால் அவர் வந்துவிட்டார். வாசலில் நின்று, “இப்பவாச்சும் தூக்கம் வருதாம்மா?” என்று கேட்டார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் வரவில்லை. இனிமேல் எழுதாதீர்கள்.

செந்தாமரை

விழுப்புரம்,
29.7.2024

செந்தாமரைக்கு,

எழுதாதே என்றாய். இது ஒன்று மட்டும். துத்தி இடுப்பளவு வளர்ந்துவிட்டது. கிள்ளக் கிள்ளக் கிளைக்கிறது. முதல் இரண்டு தடவை கருக்கினேன். இப்போது பக்குவம் பிடிபட்டுவிட்டது. வீடு முழுக்க விளக்கெண்ணெய் வாடை. “சார் வீட்ல யாருக்குனா பிரசவமா?” என்று கவிதா கேட்டாள். இதை உனக்கு மட்டும்தான் சொல்கிறேன். டீக்கடைப் பக்கம் போவதில்லை.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சதை எடுத்துச் சோதித்தார்கள். அதையும் யாரிடமும் சொல்லவில்லை. மூலம் இல்லையாம், புற்றாம்.

தேவநாதன்