நாற்பது அடித் தண்ணீர்

உசிலம்பட்டி
14.10.2024

அன்புள்ள வர்ஷினிக்கு,

உன்னை நான் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். மதுரை ஏர்போர்ட்டில், சரக்கு இறக்கும் வாசலில், என் மகன் சூரியபிரகாஷைப் பெட்டியில் வைத்து இறக்கிய அன்று. நீலச் சுடிதார் போட்ட ஒரு பெண் பெட்டிக்குப் பின்னாலேயே நடந்து வந்தாள். அதற்குள் ஒருவர் வந்து அவள் கையைப் பிடித்துக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அது யார் என்று கேட்கும் நிலையில் நான் அன்றைக்கு இல்லை.

அந்தமானுக்குப் போவதாக அவன் என்னிடம் சொல்லவில்லை. "ஆபீஸ் டிரெயினிங்மா, சென்னைல. அஞ்சே நாள்ல வந்துருவேன்" என்றுதான் சொல்லிவிட்டுப் போனான். பிறகு அவன் போனில் படங்களைப் பார்த்துத்தான் எல்லாம் தெரிந்துகொண்டேன். உன்னையும் தெரிந்துகொண்டேன். உனக்கு வாங்கி வைத்திருந்த ஒரு புத்தகத்தின் உறையில் இந்த பெங்களூர் முகவரி இருந்தது.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. போனில் பேசினால் அழுகை முந்திக்கொள்கிறது. எங்கள் ஊர்க் கிளைத் தபாலாபீசில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன், எழுதுவதுதான் எனக்குச் சுலபம்.

விஷயம் இதுதான். வருகிற ஜனவரி 27-ஆம் தேதி அவன் போய் ஒரு வருஷம் ஆகிறது. அன்றைக்கு நான் அந்த ஹேவ்லாக் தீவுக்குப் போக வேண்டும். அவன் கடலில் இறங்கிய அதே இடத்தில் நானும் இறங்கிப் பார்க்க வேண்டும். ஸ்கூபா என்கிறார்களே, அதற்கு ஐம்பது வயதுக்காரியைச் சேர்ப்பார்களா? எனக்குக் கிணற்று நீச்சல் தெரியும். சர்க்கரை, பிரஷர் ஒன்றும் கிடையாது. என்ன உடுத்த வேண்டும், எவ்வளவு ஆழம், எப்படிப் போவது, எல்லாம் உனக்குத்தான் தெரியும்.

அவனைத் தண்ணீருக்குள் கூட்டிப்போன முகேஷ் என்பவன் மேல் என் வீட்டுக்காரர் சுருளி புகார் கொடுத்திருக்கிறார். அவன் முகத்தையும் நேரில் பார்க்க வேண்டும். "பிடிச்ச பிள்ளைய எப்படிடா விட்ட?" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
சூரியாவின் அம்மா
அன்னக்கொடி


பெங்களூர்
2.11.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

அம்மா என்று எழுதலாமா? சூரியா உங்களைப் பற்றிப் பேசாத நாள் கிடையாது. ஒத்தக்கடைப் பக்கம் நாங்கள் படித்த காலேஜில் முதல் வருஷம் நீங்கள் கொடுத்தனுப்பிய சீடையைத்தான் எனக்கு முதலில் கொடுத்தான். எட்டு வருஷப் பழக்கம். இந்த வருஷம் இரண்டு வீட்டிலும் சொல்லிவிடுவதாக இருந்தோம்.

உங்கள் கடிதத்தை மூன்று நாள் கைப்பையிலேயே வைத்திருந்தேன். பிரிக்கப் பயம். நீங்கள் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சாப்பிடு என்று எழுதியிருக்கிறீர்கள்.

மதுரையிலிருந்து சென்னை, அங்கிருந்து போர்ட் பிளேருக்கு விமானம். அன்று அங்கே தங்கிவிட்டு மறுநாள் காலையில் தீவுக்குக் கப்பல், இரண்டு மணி நேரம். அலை இருந்தால் தலைசுற்றும், எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் மாதிரி இறுக்கமான உடுப்பை அவர்களே தருவார்கள். முதலில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கவைத்து, முதுகில் கட்டிய காற்று உருளையிலிருந்து குழாய் வழியாக வாயால் மட்டும் மூச்சுவிடச் சொல்லித்தருவார்கள். மூக்கைக் கண்ணாடி மூடியிருக்கும். காது அடைத்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். புதிதாக வருகிறவர்களை ஒரு பயிற்சியாளர் பின்னாலிருந்து பிடித்தபடியே கூட்டிப்போவார். நாற்பது அடிக்குக் கீழே விடமாட்டார்கள். ஐம்பது வயது ஒரு தடையில்லை.

நீங்கள் விரும்பினால் நானும் வருகிறேன் அம்மா. உங்கள் பக்கத்தில் இருப்பேன். எங்கே என்று எனக்குத்தான் தெரியும்.

உங்கள்
வர்ஷினி


உசிலம்பட்டி
20.11.2024

அன்புள்ள தாயி வர்ஷினிக்கு,

வா. நீ வந்தால் எனக்குப் பெரிய தெம்பு. என் தம்பி அழகுராஜாவும் வருகிறான், பஸ் கண்டக்டர், ஊர் சுற்றிப் பழக்கமானவன். மூன்று பேராகப் போவோம்.

ஐப்பசி மழையில் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் பாதிக்குத் தண்ணீர் கிடக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை நைட்டிக்கு மேல் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். கை கால் மறக்கவில்லை. ஆனால் முங்கிக் கண்ணைத் திறந்தால் ஒரே பாசிப் பச்சை, ஒன்றும் தெரியவில்லை. மேலே வந்தால் என் வீட்டுக்காரர் நிற்கிறார்.

"ஏண்டி, கிறுக்குப் புடிச்சிருச்சா? இம்புட்டு வயசுல கெணத்துல இறங்குற?"

"நீச்சல் மறக்காம இருக்கான்னு பாத்தேங்க."

"அவனக் குடிச்ச தண்ணி பத்தலையா? நீயும் போகணுமா?"

சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். நான் கரையேறும் வரைக்கும் போகவில்லை. தீவுக்கு வர மாட்டேன் என்கிறார். ஆனால் தடுக்கவும் இல்லை.

ஒரு சந்தேகம். அந்த ஸ்கூபாக்காரர்கள் இங்கிலீஷில் ஒரு ஃபாரம் அனுப்பியிருக்கிறார்கள். அழகுராஜா படித்துச் சொன்னான். ஆஸ்துமா, வீசிங் எப்போதாவது இருந்ததா என்று கேள்வி. ஆம் என்றால் டாக்டர் சீட்டு இல்லாமல் தண்ணீரில் விடமாட்டார்களாம்.

சூரியாவுக்கு ஆறு வயதிலிருந்து இளைப்பு. கடலைச் செடி அடித்துத் தூசி பறக்கிற மாசம் வந்தால் விடிய விடிய உட்கார்ந்தே இருப்பான். மூச்சுக்கு இழுக்கிற பம்ப் இல்லாமல் வெளியூர் போனதில்லை. பிணப் பரிசோதனை செய்த டாக்டரும் நுரையீரல் கிழிந்திருக்கிறது என்றுதான் எழுதியிருக்கிறார். அப்படியானால் அவனிடம் அந்த முகேஷ் இதைக் கேட்கவே இல்லையா? கேட்காமலே இறக்கிவிட்டானா?

என் வீட்டுக்காரர் இதைக் கேட்டதும் வக்கீலைப் பார்க்க மதுரைக்கு ஓடினார். "ஒரு கேள்வி கேக்கத் துப்பில்லாத பய, ஜெயில்ல கெடக்கட்டும்" என்கிறார். முகேஷை ஏற்கனவே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். அவன் பெண்டாட்டி இங்கே போன் பண்ணி அழுதாள். எனக்கு மனசு இரங்கவில்லை.

நீ கூடவே இருந்தாய். என்ன நடந்தது என்று எனக்கு எழுது தாயி. போலீசிலும் நீ சொன்னால் நம்புவார்கள்.

உன்
அம்மா


பெங்களூர்
9.12.2024

அம்மா,

பத்து முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இதை அனுப்பிவிடுகிறேன்.

அவர்கள் கேட்டார்கள். எங்களுக்கும் அதே ஃபாரம்தான் கொடுத்தார்கள். கடற்கரையில் ஒரு மர பெஞ்சில் உட்கார்ந்து நிரப்பினோம். அந்தக் கேள்வி வந்ததும் சூரியா நிறுத்திவிட்டான்.

"ஏய், இதுக்கு எஸ் போட்டா டாக்டர் சீட்டு கேப்பாய்ங்க. சொல்லிருவமா?"

"இங்க எந்த டாக்டரைத் தேடுவே? நாளைக்குக் காலைல ஃப்ளைட். எல்லாரும் நோதான் போடறா."

"இல்ல வர்ஷி, அம்மாவுக்குத் தெரிஞ்சா..."

"அம்மாகிட்டயா காட்டப்போறே?"

அவன் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டே இருந்தான். நான்தான் பிடுங்கி, நோ என்ற கட்டத்தில் டிக் அடித்தேன் அம்மா. அந்தப் பக்கம் முழுக்க நானே அடித்தேன். அவன் கையெழுத்து மட்டும் போட்டான். அந்தமான் போகலாம் என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அவனுக்குக் கடல் ஆசையே கிடையாது. எனக்காக வந்தான்.

இன்னும் இருக்கிறது. அன்று காலையில் அறையில் இரண்டு முறை பம்பை இழுத்தான். நான் பார்த்தேன். படகில் முகேஷ் எல்லோரிடமும் கேட்டார், "சளி, இருமல், மூச்சு, ஏதாவது இருக்கா? இருந்தா இப்பவே சொல்லுங்க, தப்பில்லை." சூரியா என் முகத்தைப் பார்த்தான். நான் முந்திக்கொண்டு, "நாங்க ரெண்டு பேரும் ஃபைன்" என்றேன்.

கீழே பத்து நிமிடம் நன்றாகத்தான் இருந்தான். ஒரு ஆமையைக் காட்டிக் கையை ஆட்டினான். அப்புறம் இருமினான். உடம்பு துள்ளியது. முகேஷ் இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினார். சூரியா அவருடைய கண்ணாடியைத் தட்டிவிட்டு, திமிறிக்கொண்டு மேலே பாய்ந்துவிட்டான். மூச்சை அடக்கிக்கொண்டு மேலே போகக் கூடாது. போனால் நுரையீரலில் இருக்கிற காற்று விரிந்து கிழித்துவிடும். அதைத்தான் முகேஷ் கரையில் திரும்பத் திரும்பச் சொன்னார். மேலே வந்தபோது வாயில் ரத்த நுரை. ஆஸ்பத்திரி போகும் வரை முகேஷ்தான் அவன் நெஞ்சை அமுக்கிக்கொண்டே வந்தார். நான் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

போலீசில் என்னிடம் கேட்டபோது, ஃபாரம் பற்றி எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.

என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

வர்ஷினி


உசிலம்பட்டி
17.12.2024

வர்ஷினிக்கு,

கடிதம் கிடைத்தது. என் வீட்டுக்காரரிடம் காட்டவில்லை. மூன்று நாளாகத் தபால் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன், யார் வீட்டில் எதைக் கொடுத்தேன் என்று நினைவில்லை. ஒரு வீட்டுக் கடிதத்தை இன்னொரு வீட்டில் கொடுத்துவிட்டுத் திட்டு வாங்கினேன்.

உன்னை நான் சபிக்கவில்லை. அவனும் இருபத்தாறு வயசுப் பிள்ளை, வாயிருந்தது, சொல்லியிருக்கலாம். அப்படித்தான் மனசுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் செய். எனக்கு எழுதியதைப் போலீசுக்கு இரண்டே வரியில் எழுதி அனுப்பு. முகேஷ் கேட்டான், நாங்கள் மறைத்தோம் என்று மட்டும் எழுது. அவனை என் மகனைக் கொன்றவன் என்று நினைத்து, அவன் பெண்டாட்டி அழுதபோது நான் போனை வைத்துவிட்டேன். அவர்களுக்கு இரண்டு பிள்ளைகளாம்.

அதை நீ எழுதிவிட்டால், ஜனவரியில் நாம் சேர்ந்தே போவோம். நான் சொன்ன சொல் மாறாது.

அன்னக்கொடி


மதுரை
3.1.2025

அம்மா,

விடுப்பில் வீட்டுக்கு வந்திருக்கிறேன். போலீசுக்கு எழுதி வைத்திருந்ததை அப்பா பார்த்துவிட்டார். அப்புறம் சொன்னார், "பொய் வாக்குமூலம் குடுத்தேன்னு நீயே எழுதிக் குடுப்பியாடீ? அது நேரா உன் கழுத்துக்குத்தான் வரும். போன பிள்ளை போயிட்டான். நீ இருக்கணும்." என் அம்மா சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு அழுகிறாள். மாசியில் எனக்குக் கல்யாணம் நிச்சயம் செய்திருக்கிறார்கள். மாப்பிள்ளை ஜெர்மனியில் இருக்கிறார். விசாவுக்குக் கொடுத்தாகிவிட்டது. போலீஸ் வழக்கு என்று ஏதாவது வந்தால் எல்லாம் நின்றுவிடும்.

என்னால் முடியவில்லை அம்மா. அப்பா மேல் பழி போடவில்லை, நானே பயந்துவிட்டேன். முகேஷுக்கு எப்படியாவது நல்லபடியாக முடிந்துவிடும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

27-ஆம் தேதி உங்கள் வீட்டுக்கு வரட்டுமா? அவன் படத்துக்கு ஒரு பூ வைத்துவிட்டு உடனே போய்விடுகிறேன். எனக்கு அவனை நினைத்து அழ இந்த ஊரில் வேறு இடம் இல்லை. அம்மா என்று கூப்பிட மட்டும் அனுமதியுங்கள்.

வர்ஷினி


உசிலம்பட்டி
11.2.2025

வர்ஷினிக்கு,

உன் கடிதம் வந்தபோது நான் துணிமணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். பதில் எழுத நேரமில்லை. நானும் அழகுராஜாவும் போய் வந்துவிட்டோம்.

முகேஷைப் பார்த்தேன். ஒரு லாட்ஜில் பாத்திரம் கழுவுகிறான். நான் யார் என்று சொன்னதும் ஈரக் கையோடு எழுந்து நின்றான். அங்கே இருக்கிறவர்களோடு பழகி ஓரளவு தமிழ் பேசுகிறான். "நான் கேட்டேம்மா. ஃபாரத்துல கேட்டேன், படகுல கேட்டேன். இன்னொரு தடவ கேட்டிருக்கணும்மா" என்றான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். என்னைவிடச் சின்னவன், இருந்தாலும் அவன் இரண்டு கையையும் பிடித்துக் கும்பிட்டேன். வேறென்ன செய்ய?

மறுநாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். என் மகனுக்குச் சின்ன வயதிலிருந்து இளைப்பு உண்டு, அதை அவனே மறைத்துப் பொய்யாக ஃபாரம் நிரப்பியிருக்கிறான், முகேஷ் மேல் தவறில்லை, என் வீட்டுக்காரர் கொடுத்த புகாரை மேலே நடத்த எனக்கு விருப்பமில்லை என்று எழுதினேன். உன் பெயர் அதில் இல்லை. பயப்படாதே.

27-ஆம் தேதி காலையில் கடலில் இறங்கினேன். என் ஃபாரத்தை அழகுராஜா வரிவரியாகப் படிக்க, நானே என் கையால் நிரப்பினேன். வேறொரு பையன் என்னைப் பிடித்துக் கூட்டிப்போனான். முதலில் மூச்சு தடுமாறியது. பிறகு பழகிவிட்டது. அம்புட்டு வெளிச்சம் அடித் தண்ணீரில் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மஞ்சள் மீன் கூட்டம் என்னைச் சுற்றிக்கொண்டு போனது. பூப் பூவாகப் பாறை. அவன் பார்த்த கடைசிக் காட்சி பயங்கரமாக இருந்திருக்கும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அழகாக இருந்தது. அழுதேன், அதில் கண்ணாடி விலகி உள்ளே தண்ணீர் நிறைந்துவிட்டது. அந்தப் பையன் பதறி என்னை மெதுவாக மேலே கொண்டுவந்தான்.

ஊருக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை. போலீசில் நான் எழுதிக் கொடுத்ததை மட்டும் சொன்னேன். ஒரு வருஷமாக முகேஷைத் திட்டித்தான் அவர் உயிர் வைத்திருந்தார். இப்போது திட்ட ஆள் இல்லை.

"எங்கிட்டயும் பொய், அங்கயும் பொய். பொய் சொல்லிட்டுச் செத்த பய" என்று சொல்லிச் சுவரிலிருந்து அவன் படத்தைக் கழற்றி, நெல் குலுக்கைக்குப் பின்னால் வைத்துவிட்டார். நான் எடுத்து மாட்டினேன். மறுபடியும் கழற்றினார். இரண்டு பேருக்கும் இதுதான் இப்போது தினமும் வேலை. உண்மையைச் சொன்னால் அந்தப் படம் சுவரில் நிற்கும். சொன்னால் அவர் மறுநாளே உன் வீட்டு வாசலில் வந்து நிற்பார். சொல்லாமல் இருக்கிறேன். அதைக் கடைசி வரைக்கும் என்னால் செய்ய முடியும் என்றுதான் நினைக்கிறேன்.

உன் கல்யாணம் நல்லபடியாக நடக்கட்டும். இதை மனசாரச் சொல்ல எனக்கு இன்னும் முடியவில்லை, எழுத மட்டும் முடிகிறது.

இங்கே வராதே. கடிதமும் வேண்டாம். நீ கேட்டாயே, அம்மா என்று கூப்பிடலாமா என்று. வேண்டாம். அப்படிக் கூப்பிட எனக்கு ஒரு பிள்ளை இருந்தான், அவன் பெயரைத்தான் நான் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

சு. அன்னக்கொடி