காந்தாரம் இல்லாத முடிவு

1976 ஒக்டோபர் 4, திங்கள். மெல்பேர்ண்.
இன்று அறுநூற்றுப் பத்துக் கட்டைகளை அமத்தினேன். முதலாளி ஹார்ட்லி, தேவாலயத்து ஓர்கன் என்கிற பெரிய குழாய் வாத்தியத்தின் வயிற்றுக்குள் ஏறி நின்று குழாய்களைச் சுருதி சேர்ப்பார். அவர் "அடுத்தது" என்றதும் நான் வெளியே கதிரையில் இருந்தபடி அடுத்த கட்டையை அமத்துவேன். கொழும்பில் படித்த பொறியியல் இதற்கு ஒரு தடையாக இல்லை.

அறையில் கூட இருக்கும் விக்னராஜா கேட்டான்: "ஐசே, இண்டைக்கு எத்தினை கட்டை?"

சொன்னேன்.

"அப்ப பட்டம் வீண்போகேல்லை."

6, புதன்.
சிவனேஸ்வரியின் கடிதம். எப்போது கூப்பிடுவீர்கள் என்று அவள் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தில் மழை என்று எழுதியிருக்கிறாள். இரண்டும் ஒன்றுதான்.

மனைவியைக் கூப்பிட, குடிவரவுக் கந்தோருக்கு நிரந்தர வேலைக் கடிதம் வேண்டும். என் மூன்று மாதப் பரீட்சார்த்தத் தவணை இந்தக் கிழமை முடிகிறது. சனிக்கிழமைக் கச்சேரி பிழையில்லாமல் முடியட்டும், பிறகு பார்ப்போம் என்கிறார் ஹார்ட்லி.

7, வியாழன்.
கச்சேரிக்காரர் வந்துவிட்டார். அன்செல்ம் கார்வோ, பிரெஞ்சுக்காரர், எழுபத்தொன்பது வயது. நிகழ்ச்சித் தாளில் அவர் வாழ்க்கை ஏழு வரி. லியோனில் ஒரே தேவாலயத்தில் நாற்பத்தொரு வருடம் வாசித்தார், பதினெட்டுப் படைப்புகள் இயற்றினார், 1971இல் மனைவியை இழந்தார். எட்டாவது வரியில் சவப்பெட்டிக் கடை விளம்பரம்.

ஒத்திகையில் என்னிடம் பேசினார். "நாற்பத்தொரு வருடம் சனங்களுக்கு முதுகைக் காட்டியே வாசித்தேன். தெருவில் கண்டால் இறைச்சிக்கடைக்காரன் என்று நினைப்பார்கள்."

பக்கம் புரட்டியவர் மனைவிதானாம். இப்போது எல்லாம் மனனம். கடைசிப் படைப்பு அவருக்காக எழுதியது. அதன் முடிவை ஐந்து வருடமாக மாற்றிக்கொண்டே இருக்கிறார். "இன்னும் பொய்யாகத்தான் இருக்கிறது" என்றார்.

8, வெள்ளி.
எங்கும் விட்டில்கள். மலைக்குப் போகிற வழியில் நகரத்து வெளிச்சத்தைப் பார்த்துத் திசை தவறிவிட்டனவாம். என்னால் அவற்றைக் குறை சொல்ல முடியவில்லை.

9, சனி.
முடிந்தது.

கச்சேரி நேரத்தில் ஓர்கனுக்குள் ஓர் ஆள் இருப்பது வழக்கம். ஹார்ட்லிக்கு முதல் வரிசை, எனக்கு உள்ளே. "ஒன்றையும் தொடாதே. ஏதும் என்றால் வந்து சொல்."

கடைசிப் படைப்பு. மெல்லிய குழாய் வரிசை ஒன்று மட்டும் ஒலித்தது. அதில் ஒரு குழாய், கட்டையை விட்ட பிறகும் நிற்காமல் ஊதத் தொடங்கியது. ஏணியால் இறங்கிப் போய்ச் சொல்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் — குழாயைப் பிடுங்கிவிட்டேன்.

கடைசிச் சுரக்கூட்டு அந்தச் சுரம் இல்லாமலே வந்தது. நம் கணக்கில் காந்தாரம். சந்தோஷமா துக்கமா என்று சொல்லுகிற சுரம் அதுதான். அது இல்லாமல் இரண்டும் இல்லை. வெகுநேரம் ஒருவரும் கை தட்டவில்லை. நான் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு கோழி திருடினவன் மாதிரி இருந்தேன்.

"குழாயில் கை வைத்தது யார்?" என்றார் ஹார்ட்லி. பிறகு, "திங்கள் பேசுவோம்."

என்ன பேசிறது. அவளுக்கு இனி என்னத்தை எழுதிறது? இஞ்சையும் மழை எண்டோ?

11, திங்கள்.
பத்திரிகை விமர்சகர் எழுதியிருக்கிறார்: மனைவியை இழந்த மேதை கடைசிச் சுரக்கூட்டில் மகிழ்ச்சியையும் துயரத்தையும் மறுத்து விட்டுச்சென்ற துணிச்சலான வெற்றிடம். ஹார்ட்லி இரண்டு தரம் வாசித்தார். குழாயின் கீழே வால்வை மூடவிடாமல் சிக்கிக் கிடந்த செத்த விட்டிலை நான் தாளில் மடித்து மேசையில் வைத்திருந்தேன். அதையும் பார்த்தார்.

பத்து மணிக்குக் கார்வோ பட்டறைக்கு வந்தார்.

"என் சுரத்தை எடுத்தது யார்?"

எழும்பி நின்றேன். மன்னிப்புக் கேட்டேன். தாளைப் பிரித்து விட்டிலைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கிட்டப் பார்த்தார்.

"ஐந்து வருடம் சுரங்களைச் சேர்த்துக்கொண்டே இருந்தேன்" என்றார். "இனி அந்தச் சுரத்தை வாசிக்கமாட்டேன்." பிறகு ஹார்ட்லியிடம்: "அடுத்த கிழமை சிட்னியிலும் உள்ளே இவர்தான் இருக்க வேண்டும். உங்கள் ஆள்தானே?"

ஹார்ட்லி பத்திரிகையை மடித்து வைத்தார். பிறகு தட்டச்சு யந்திரத்தின் மூடியைக் கழற்றி, என் பெயருக்கு எத்தனை எழுத்து என்று கேட்டார்.

1978 பெப்ரவரி 19, ஞாயிறு.
பிரான்சிலிருந்து நேற்று வந்த பொதி: அந்தப் படைப்பின் அச்சுப் பிரதி. கார்வோ மார்கழியில் காலமானாராம். முன்னுரையில் ஒரு பேராசிரியர், கடைசிச் சுரக்கூட்டில் ஒரு சுரம் இல்லாததற்கு மூன்று காரணங்கள் தருகிறார். மூன்றும் ஆழமானவை.

சிவனேஸ்வரி குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏனாம் அவர் அதை விட்டவர்?"

"ஒரு விட்டில் செத்துப்போச்சு."

பிரதியை வாங்கி மூடிவைத்தாள்.

"சரி, சோறு ஆறுது. வாங்கோ."