சொல்லக் கூடாத உதாரணம்

மார்ச் 3, செவ்வாய்

அல்சூர் ஏரியோரம் இரண்டு சுற்று நடந்தேன். வாங்கிய வெண்டைக்காய் பாதி முற்றல். பிற்பகல் தேர்வு மையத்திலிருந்து பிரஹ்லாத் கூப்பிட்டார். சனிக்கிழமை ஆங்கிலப் பேச்சுத் தேர்வுக்குப் பதினோரு பேர் வருகிறார்களாம், நான்தான் தேர்வாளர். “மேடம், ஜனவரி லெட்டர் ஞாபகம் இருக்கில்ல?” என்று கேட்டுவிட்டு வைத்தார்.

மறக்குமா? ‘தேர்வாளர் வித்யாலட்சுமி, தாளில் இல்லாத உதாரணங்களை இரண்டு இடங்களில் கூறினார்.’ முப்பத்தோரு வருடம் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவள் நான். உதாரணம் இல்லாமல் ஒரு வரி தாண்டியதில்லை. இங்கே அதுதான் குற்றம். அச்சடித்த கேள்வியைப் படிக்கலாம். கேட்டால் இன்னொரு முறை படிக்கலாம். அவர்கள் நிறுத்திவிட்டால் ‘இன்னும் கொஞ்சம் சொல்ல முடியுமா?’ என்று ஒரே ஒரு தடவை கேட்கலாம். தலையாட்டக்கூட அனுமதி இல்லை. இன்னொரு முறை பிடிபட்டால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். “வாயைக் கட்டிக்கிட்டு உக்காரறதுக்கு உனக்குச் சம்பளம் குடுக்கறாங்க. நான் இத்தனை வருஷமா ஓசியிலயே கேட்டுப் பாத்தேன்.” என் கணவர் சேஷகிரியின் வழக்கமான ஜோக். பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னார்.

மார்ச் 7, சனி

செய்துவிட்டேன். மறுபடியும்.

ஏழாவது ஆள். பெயரை எழுதக் கூடாது. என் நோட்டுதானே, எழுதுகிறேன். பச்சைமுத்து, முப்பத்தாறு வயது, பீன்யா தொழிற்பேட்டையில் பிரஸ் மெஷின் ஆபரேட்டர். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, முழங்காலில் ஒட்டி வைத்த கைகள். எதைக் கேட்டாலும் மூன்று சொல்லுக்கு மேல் வரவில்லை. எங்கே வசிக்கிறீர்கள்? ‘பீன்யா, மேடம்.’ அந்த இடம் பிடிக்குமா? ‘பிடிக்கும், மேடம்.’ ஏன்? ‘கம்பெனி பக்கம்.’ ஏன் இந்தத் தேர்வு? ‘நியூசிலாந்து வேலை. மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள ரிசல்ட். இல்லேன்னா வேற ஆள்.’ எல்லாம் ஆங்கிலத்தில்தான். தப்பில்லாத ஆங்கிலம். ஆனால் சொட்டு சொட்டாக.

பிறகு இரண்டு நிமிடம் பேச வேண்டிய கேள்வி: நீங்கள் ஒருவருக்கு உதவிய சம்பவத்தைச் சொல்லுங்கள்.

“நண்பனுக்கு உதவி செய்தேன். அவன் சந்தோஷப்பட்டான். நன்றி.”

ஒன்பது வினாடி. ஒலிப்பதிவுக் கருவியின் சிவப்பு விளக்கு எரிகிறது. அனுமதித்த ஒரே வாக்கியத்தைக் கேட்டேன், இன்னும் கொஞ்சம் சொல்ல முடியுமா? “நோ மேடம். ஃபினிஷ்டு.”

அங்கேயே நின்றிருக்க வேண்டும். அப்படியே விட்டால் நான்கு மதிப்பெண். நியூசிலாந்து வேலைக்கு ஆறு வேண்டும். மொழி இல்லாத ஆளை நான் பார்த்திருக்கிறேன். இவர் அப்படி இல்லை. இரண்டாவது கேள்வியை யாருமே கேட்டிராத ஆள் இவர்.

“உதாரணத்துக்கு, உங்கள் தொழிற்சாலையில், மெஷின் பக்கத்தில்…” சொல்லிவிட்டேன். சொல்லும்போதே காதில் விழுந்தது.

அவர் நிமிர்ந்தார். அடுத்த மெஷினில் புதிதாகச் சேர்ந்தவனின் கையுறை அச்சுக்கு அடியில் மாட்டிக்கொண்டதைச் சொன்னார். ‘அய்யோ, கை!’ என்று தமிழில் கத்திவிட்டு, ‘ஸாரி மேடம்’ என்று ஆங்கிலத்துக்குத் திரும்பினார். ஓடிப்போய் மெயின் ஸ்விட்சையே அணைத்தாராம். கை தப்பியது, இரண்டு விரலில் வீக்கம் மட்டும். இரண்டு மணி நேரம் லைன் நின்றதற்கு இவரிடம்தான் எழுத்து விளக்கம் கேட்டார்களாம். ‘ஸாரி சார்’ என்று இரண்டே சொல் எழுதிக் கொடுத்தாராம். “நிறைய எழுதினால் நிறையக் கேட்பார்கள், மேடம்” என்றார்.

இரண்டு நிமிடமும் முழுதாகப் பேசினார். ஆறு போட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

பிரஹ்லாதிடம் ‘சும்மா விதி தெரிஞ்சுக்கத்தான்’ என்று ஃபோனில் கேட்டேன். பத்து பதிவில் ஒன்றை எடுத்துக் கேட்பார்களாம். முடிவு வெளியான பிறகு தப்பு தெரிந்தால், தேர்வு எழுதியவரின் முடிவையே ரத்து செய்வார்கள், மறு தேதிக்கு இரண்டு மாதம் ஆகும். முடிவு வருவதற்கு முன்பே தேர்வாளர் எழுதிக் கொடுத்துவிட்டால் கட்டணமில்லாமல் மறுதேர்வு, வேறு தேர்வாளர், பத்து நாளுக்குள்.

“ஏன் மேடம், ஏதாச்சும் ஆச்சா?”

“ஒண்ணுமில்ல.”

நானும்தான் மூன்று சொல்லுக்குள் முடிக்கிறேன்.

முடிவு வருவது வியாழன்.

மார்ச் 9, திங்கள்

இவர் கணக்குப் போட்டுக் காட்டினார். “பத்துக்கு ஒண்ணு. ஒன்பது பங்கு உன் பக்கம். நீயா போய் எழுதிக் குடுத்தா உன் வேலை நிச்சயமா போகும். அந்த ஆளும் மறுபடி உக்காரணும், அப்போ உன் உதாரணமும் இருக்காது. நாலுதான் வரும். யாருக்கு லாபம்?”

“மாட்டிக்கிட்டா?”

“மாட்டமாட்ட.”

“மாட்டிக்கிட்டா என்னங்க?”

“…நியூசிலாந்து போகும்.”

இதுதான் உறுத்துகிறது. சும்மா இருந்தால் நான் ஒரு பந்தயம் கட்டுகிறேன். தோற்றால் போவது என் சனிக்கிழமைகள் மட்டுமில்லை, அந்த மனிதருக்கு வந்த வேலையும். சொல்லிவிட்டாலும் அவரைத்தானே மறுபடி அந்த நாற்காலிக்கு அனுப்புகிறேன்? நல்லது செய்கிறேன் என்று வாயைத் திறந்தவள் நான். அவர் என்னைக் கேட்கவே இல்லை.

மார்ச் 10, செவ்வாய்

சாதத்தில் உப்பு போட மறந்தேன். சாம்பாரில் இரண்டு தடவை போட்டேன். இவர் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டார். அதுவே பயமாக இருந்தது.

மார்ச் 11, புதன்

எழுதிக் கொடுத்துவிட்டேன்.

படிவத்தில் ஒரே வரி: ‘ஏழாவது நபரிடம் தாளில் இல்லாத உதாரணம் ஒன்று கூறினேன்.’ பிரஹ்லாத் படித்தார், திருப்பினார், பின்பக்கமும் பார்த்தார். “இவ்ளோதானா மேடம்? ஏன், எப்படின்னு இல்லியே. இத வெச்சு மேலிடத்துல ரீடெஸ்ட்டுக்கு ஒத்துக்கமாட்டாங்க.”

காது சூடாகிவிட்டது. என் வகுப்பில் எத்தனை பிள்ளைகளிடம் இதே மாதிரி ஒற்றை வரித் தாளைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்! உட்கார்ந்து ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அவர் எங்கே நிறுத்தினார், நான் என்ன சொன்னேன், ஏன் சொன்னேன், அதில் அவர் தவறு ஒன்றுமே இல்லை என்பது, முப்பத்தொன்றாம் தேதி — எல்லாம்.

பிரஹ்லாத் வாங்கி மடித்தார். “யாருமே இப்படித் தானா வந்து குடுத்ததில்ல மேடம்.” பாராட்டா, வருத்தமா?

மார்ச் 14, சனி

கடிதம் வந்துவிட்டது. பட்டியலில் என் பெயர் இல்லை. இருபத்தெட்டாம் தேதிக்குள் அடையாள அட்டையைத் திருப்ப வேண்டும்.

அவருக்கு மறுதேர்வு இருபத்தொன்றாம் தேதி. தேர்வாளர் ஜூலியா. நல்லவள், விதிப்படி நடப்பவள், முகத்தில் ஒரு தசை அசையாது. ஃபோனில் சொன்னபோது பச்சைமுத்து சத்தம் போட்டாராம். “நான் என்ன சார் தப்பு பண்ணேன்? கேட்டதுக்குத்தானே பதில் சொன்னேன்?” பிரஹ்லாத் அதை அப்படியே எனக்குச் சொல்லியிருக்க வேண்டாம். இல்லை, சொன்னதுதான் சரி.

மன்னிப்பு கேட்கக்கூட வழியில்லை. தேர்வு எழுதியவரைத் தொடர்புகொள்ளக் கூடாது. இந்த ஒரு விதியையாவது மீறாமல் இருக்கிறேன்.

மார்ச் 21, சனி

பத்து மணிக்கு அவருடைய நேரம்.

பத்தேகால். கேள்வி என்னவாக வந்திருக்கும்? பிடித்த உணவு என்று வந்தால் ‘பிரியாணி மேடம்’ என்று நிறுத்திவிடுவாரே. எந்தக் கடை, யாரோடு போனீர்கள், அன்றைக்கு மழையா — இதெல்லாம் சொல்லத் தகுந்தது என்று அவருக்கு யார் சொல்வார்கள்? ஜூலியா சொல்ல மாட்டாள். சொல்லவும் கூடாது.

பதினொன்று. இவர் டிவியை நிறுத்திவிட்டார். “முடிஞ்சிருக்கும்,” என்றார்.

“ம்.”

மார்ச் 26, வியாழன்

அட்டையைக் கொடுக்கப் போனேன். இன்று காலைதான் மறுதேர்வு முடிவுகளை அனுப்பினார்களாம். நான் ஒன்றும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டேன், பேனாவை மூடினேன், கைப்பையை எடுத்தேன்.

“மார்க் சொல்லமாட்டேன் மேடம்,” என்றார் பிரஹ்லாத், கம்ப்யூட்டரைப் பார்த்தபடி.

“சொல்லாதீங்க.”

“அந்தப் பதிவ நான் கேக்கவேண்டி வந்துச்சு, ரீடெஸ்ட்டுன்னா நான் கேக்கணும். கேள்வி, நீங்க அடிக்கடி போற கடை. ‘எங்க ரோட்டுல ஒரு டீக்கடை’ன்னு சொல்லிட்டு நின்னுட்டார். நானே பல்லக் கடிச்சிட்டு உக்காந்திருந்தேன். ஜூலியா மேடம் வாயே திறக்கல.”

“சரி.”

“அப்புறம் அவரே ஆரம்பிச்சார் பாருங்க, ரெண்டு நிமிஷம் முடிஞ்சிடுச்சுன்னு அவங்கதான் நிறுத்தவேண்டி வந்துச்சு. நிறுத்தின பிறகும் ஆள் விடல. ‘மேடம், ஃபார் எக்ஸாம்பிள்’னு இன்னொண்ண ஆரம்பிக்கறார்!” சிரித்துவிட்டார். உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ரிசல்ட் போய் நாலு மணி நேரம் ஆச்சு. அவர்கிட்டேர்ந்து ஃபோன் வரல. மார்க் போனவங்கதான் ஃபோன் பண்ணுவாங்க மேடம், கத்தறதுக்கு. மார்க் வந்தவங்க பண்ணமாட்டாங்க.”

அட்டையை மேசையில் வைத்தேன். அதன் கயிறு சுருண்டு விழுந்தது. சரி செய்து வைத்தேன்.

ஏரிவரை நடந்தே வந்தேன். முப்பத்தொன்றுக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது.