சாணம் வைத்த கொம்புகள்

அடி அண்ணாமலை,
ஆனி 5.

தமிழ்செல்வி அப்பாவுக்கு கஸ்தூரி எழுதிக்கொள்வது. நானும் குழந்தையும் இருக்கிறோம். ஜெயிலில் உங்களுக்கு இருமல் விடவில்லை என்று வக்கீல் சொன்னார். வெந்நீர் கேட்டு வாங்கிக் குடியுங்கள்.

வக்கீல் வந்தது அதற்காக மட்டும் இல்லை. உங்கள் தம்பி மூர்த்திதான் தோட்டத்தை அழிக்கக் கத்தியோடு வந்தார், நீங்கள் தடுக்கப் போன இடத்தில் கைகலப்பாகிவிட்டது என்று நான் கோர்ட்டில் சொல்ல வேண்டுமாம். "ஒரு வார்த்தைம்மா, உன் வூட்டுக்காரர் வெளிய வந்துடுவாரு" என்றார். அந்த வார்த்தை என் வாயில் வராது. ஏன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். நேரில் சொன்னால் பாதியிலேயே கை ஓங்குவீர்கள். கடிதத்தை அடிக்க முடியாது.

நீங்கள் வேன் ஓட்டுகிறவர். நான் வைத்த பன்னீர் ரோஜாவுக்கும் உங்களுக்கும் உள்ள சம்பந்தம், காய்ந்த இதழ் மூட்டையை ஜியாவுல்லா பாயின் நாட்டு மருந்துக் கடையில் இறக்குவதோடு சரி. அதனால் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தச் செடி பழைய கொம்பில் பூக்காது. புதிதாக விடும் துளிரின் நுனியில்தான் கொத்தாகப் பூக்கும். முதல் இரண்டு வருடம் நுனியை மட்டும் கிள்ளினேன். மூன்றாம் வருடம் முழங்கால் உயரத்துக்கு வெட்டியே ஆக வேண்டும். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கொஞ்சம் மேலே, சாய்வாக. வெட்டிய முனையில் சாணம் வைக்காவிட்டால் கொம்பு கருகிக்கொண்டே கீழே இறங்கும்.

ஐப்பசியில் அதை நான் செய்ய முடியவில்லை. குழம்பில் உப்பு கம்மி என்று நீங்கள் முறுக்கிய வலது மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது, கத்தரியை அழுத்த வரவில்லை. நீங்கள் திருப்பதிக்கு ஆள் ஏற்றிப் போன அன்று மூர்த்தியைக் கூப்பிட்டது நான்தான். செங்கம் ரோட்டில் விடுதித் தோட்டத்தில் வேலை செய்கிறவர், செடி வெட்டிவிடும் கவாத்து வேலை தெரிந்தவர். ஆடி மாதம் கிணற்றுத் தண்ணீருக்காக நடந்த சண்டையில் "செடியை வேரோட புடுங்கறேன் பாரு" என்று உங்களிடம் கத்தியவரும் அவர்தான், மறக்கவில்லை. ஆனாலும் என் கையைப் பார்த்துவிட்டு, "அண்ணன் வர்றதுக்குள்ள முடிச்சிடறேன் அண்ணி" என்று வந்தார். நீங்கள் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டீர்கள்.

இருநூறு செடியும் மொட்டையாக நிற்பதைப் பார்த்து முதலில் என்னைத்தான் கேட்டீர்கள், "யார்றி இது?" என்று. மூர்த்தி கடைசி வரிசையில் குனிந்திருந்தார். நான்தான் கூப்பிட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். உங்கள் கை மேலே போனது. வாயை மூடிக்கொண்டு அவரைக் கை காட்டினேன். என்மேல் விழ வேண்டிய அடி வேறு பக்கம் போகட்டும் என்று நினைத்தேன். விறகுக்கட்டில் இருந்த கொடுவாளை உருவுவீர்கள் என்று நினைக்கவில்லை.

முதல் வெட்டு தலையில். அடுத்தது, தடுத்த வலது கையில். இரண்டு விரல் வரப்பில் விழுந்தது. மூன்றாவதுக்கு ஓங்கியபோது உங்கள் இடுப்பைக் கட்டிக்கொண்டு உண்மையைக் கத்தினேன். முழங்கையால் வாயில் இடித்தீர்கள், பல் போனது. தமிழ்செல்வி எல்லாவற்றையும் பார்த்தாள். இன்றும் யாராவது தேங்காய் உடைத்தால் காதைப் பொத்திக்கொள்கிறாள்.

ஒன்று கேட்கிறேன். பகையில் வெட்டுகிறவன் ஒவ்வொரு முனைக்கும் சாணம் வைப்பானா? மூர்த்தியின் இடது கை முழுக்கச் சாணம். அதை நீங்கள் பார்க்கவே இல்லை. மார்கழியில் அந்தக் கொம்புகளில் பூத்தது, பறித்து மாளவில்லை.

இந்தப் பூ உடம்புச் சூட்டைத் தணிக்கும் என்றுதான் இதழையும் கற்கண்டையும் வெயிலில் வைத்து குல்கந்து செய்து உங்களுக்கு தினமும் கொடுத்தேன். மலச்சிக்கல் போனது, கோபம் போகவில்லை. பூவின் மேல் குற்றமில்லை. வீங்கிய கண்ணுக்குப் பன்னீரில் நனைத்த பஞ்சு வைப்பேன். பாய்கூட என் முகத்தைப் பார்த்துவிட்டு, "விக்கறதை விட நீ வச்சிக்கறது ஜாஸ்தியா இருக்குதேம்மா" என்றார். இப்போது பன்னீர் அவ்வளவு செலவாவதில்லை. மூர்த்திக்கு வெட்டுக்காயத்துக்குக் கொடுத்த மாத்திரையால் வாய் வெந்து சாப்பிட முடியாமல் போனபோது, காய்ந்த இதழைக் கொதிக்க வைத்துக் கொப்பளிக்கக் கொடுத்தேன். துவர்ப்பில் புண் ஆறியது.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போய், கை காட்டியது நான் என்று சொல்லிவிட்டேன். அவர் மனைவி அருணாதேவி எழுந்து உள்ளே போய்விட்டாள். மூர்த்தி இடது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

அண்ணாமலையார் உங்கள் உடம்பையும் புத்தியையும் காப்பாற்றட்டும். பத்தொன்பதாம் தேதி கூண்டில் ஏறி, கூப்பிட்டவள் நான், காட்டிக்கொடுத்தவள் நான், வெட்டியவர் என் வீட்டுக்காரர் என்று சொல்லப்போகிறேன். அப்போது நீங்களும் எதிரே நிற்பீர்கள். தயவுசெய்து என்னை முறைக்காதீர்கள். நீங்கள் முறைத்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், பதினோரு வருடப் பழக்கம். அந்த ஐந்து நிமிடம் மட்டும் கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு நில்லுங்கள். கல்யாணமான நாளாக உங்களிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
கஸ்தூரி